நாலாம் நம்பர் சிடி

எதைக் கண்டாலும் தரம் போட்டுவிடுவாள். ‘செகண்டு’ என்பாள். அவ்வளவுதான், அதற்குமேல் அப்பீல் கிடையாது.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் செலக்ஷன் மேசையில் அவளும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் அப்போது இருபது வயது. நான் குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவேன், அவள் வாணியம்பாடியிலிருந்து. செலக்ஷன் என்றால் தரம் பிரிப்பது. தோலை மேசைமேல் விரித்து, முள்கம்பி கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, உரிக்கும்போது கத்தி பட்ட ஓட்டை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வால் பக்கத்து மூலையில் சில்வர் பேனாவால் கோடு போடவேண்டும். குறையே இல்லாவிட்டால் ஒரு கோடு. கொஞ்சம் இருந்தால் இரண்டு, நிறைய இருந்தால் மூன்று. அதற்கும் தேறாவிட்டால் நாலு. நாலு கோடு என்றால் ரிஜெக்ட்.

நான் ஒரு தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒன்றா இரண்டா என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். அவள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, “ரெண்டு போடுமே. கழுத்தாண்ட பாரு” என்பாள். கழுத்தில் தழும்பு இருக்கும். எனக்கு ஆறு மாதமாகியும் பிடிபடாத வேலை அவளுக்குப் பத்தே நாளில் பிடிபட்டது. நான் கோடு போட்ட தோலில் சந்தேகம் வந்தால் சூபர்வைசர் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார். என் கண்ணெதிரிலேயே காட்டுவார். வயிறு எரியும். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவள்மேல் பொறாமை. சேர்ந்த முதல் வாரத்தில் ஆரம்பித்தது, நான் வேண்டாம் என்று சொன்னாலும் போகவில்லை.

தோலோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. கேன்டீன் சாம்பார் ரிஜெக்ட். புது பஸ் டிரைவர் தேர்டு. எந்தக் கடை பிரியாணி உசத்தி என்று ஆம்பூரே கட்சி கட்டி அடித்துக்கொள்ளும். அவள் ஒரே போடாகப் போட்டாள்: “கட பிரியாணி எல்லாமே செகண்டு. கல்யாண பிரியாணிதான் ஃபர்ஸ்ட்டு.” அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை எப்படி என்று மறுநாள் கேட்டோம். “மாப்ள தேர்டு. கூட வந்தாரே அவரு அண்ணன், அவரு ஃபர்ஸ்ட்டு. இன்னா பண்றது, அவருக்குக் கல்யாணம் ஆய்ட்ச்சி” என்றாள். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இப்படி எனக்கு ஏன் ஒருநாளும் பேச வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் இத்தாலியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து மூன்று மாதம் தங்கினார். தோலுக்குக் கடைசியில் நிறமும் பளபளப்பும் ஏற்றுவதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர். நெட்டையான மனிதர், யாரோடும் அதிகம் பேசமாட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டுவிட்டு, அதைக் கேட்டபடியே ஜன்னலோரம் நின்று கலர் பார்ப்பார். கிடாரும் டிரம்ஸுமாக ஒரே இரைச்சல். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு கேலி செய்வோம். அவள் மட்டும் தோலைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அங்கேயே நிற்பாள். ஒரு தோலுக்கு இரண்டு தடவை போவாள். ஊருக்குக் கிளம்புகிற அன்று அவர் நாலு சிடியை ஒரு ஷூ டப்பாவில் போட்டு அவளிடம் கொடுத்தார். எனக்கும் கையை ஆட்டினார்தான். டப்பா அவளுக்கு.

சிடியில் படம் இல்லை, பெயர் இல்லை. எங்கள் மேசையில் கிடக்கும் அதே சில்வர் பேனாவால் ஒன்றில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, அப்புறம் மூன்று, கடைசியில் நாலு. மேசையில் இருந்த ஆறு பேரில் ஒருவருக்கும் அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனிதர் தோல்காரர், பேனா தோல் பேனா, கோடும் நாங்கள் தினம் போடுகிற கோடு. அவரே தரம் பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

“நாலு ரிஜெக்ட்டு” என்று அவள் அந்தச் சிடியை என் பக்கம் தள்ளினாள். “மெமரி கார்டுல எடம் கம்மி. ரிஜெக்ட்ட எதுக்கு ஏத்திக்கினு? நீ வச்சிக்கோ.”

மேசையில் யாரும் அதைக் கேட்கவில்லை. நான் டிபன் பையில் போட்டுக்கொண்டேன்.

மற்ற மூன்றையும் மொபைல் கடையில் கொடுத்துக் கார்டில் ஏற்றிக்கொண்டாள். வேலை நேரத்தில் இயர்ஃபோன் கூடாது. அவள் முக்காட்டுக்குள் ஒயரை விட்டுக் காதில் செருகிக்கொண்டு நாளெல்லாம் கேட்டாள். பக்கத்தில் நின்றாலும் தெரியாது. தலையை ஆட்டமாட்டாள், தோலைத் தடவும் கையில் ஒரு விரல் மட்டும் தாளம் போடும். நானும் ஒருநாள் பின்னலுக்குள் ஒயரை ஒளித்துப் பார்த்தேன். அரை மணியில் சூபர்வைசர் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் திட்டினார். அவளுடைய முக்காட்டின்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டுக் கோஷ்டிக்கு, பாண்டுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். சிடிமேல் இருந்தது சில்வர் பேனாக் கோடு ஒன்றுதானே, அதனால் ‘சில்வர் பேனா’. அந்த மூன்றையும் கேட்டு முடித்த அன்று சாப்பாட்டு நேரத்தில் தீர்ப்பையும் சொல்லிவிட்டாள்.

“மொதல் சிடி வெட் ப்ளூ. ரெண்டாவது கிரஸ்ட்டு. மூணாவது ஃபினிஷ்.”

தோல் ஊரில் இதைச் சின்னப் பிள்ளையிடம் சொன்னாலும் புரியும். பதனிட்டு ஈரத்தோடு வெளிர் நீலமாக வெளியே வருவது வெட் ப்ளூ. அதற்குச் சாயம் ஏற்றிக் காயவைத்தால் கிரஸ்ட். மேலே பெயிண்டும் பாலிஷும் கொடுத்தால் ஃபினிஷ்.

“வெட் ப்ளூல ஒண்ணுமே மறைக்க முடியாதுமே. மாடு பட்ட அடி அத்தினியும் தெரியும். அந்த ஆளு பாடச்சொல்ல மூச்சு வாங்கறதுகூட கேக்குது பாரு. ரெண்டாவதுல கொஞ்சம் காஞ்சிட்டாங்க. மூணாவதுல பெயிண்ட் அடிச்சிட்டாங்க. ஷோரூமுக்கு ரெடி.”

ஆலங்காயத்துக்காரி ஒருத்தி எங்கள் மேசையில் இருந்தாள். எனக்கு மூணாவதுதான் பிடிச்சிருக்கு என்று மெல்லச் சொன்னாள்.

“பளபளன்னு இருந்தா புடிக்கும்தான். நாலு நாள் போட்டு நடந்து பாரு. மடிப்புல வெடிக்கும்” என்றாள் இவள்.

இரண்டு வாரம் கழித்து ஆலங்காயத்துக்காரி வந்து, “ஆமாமே, வெடிச்சிட்ச்சி” என்று ஒத்துக்கொண்டாள். ப்ளூடூத்தில் பாட்டு மேசை முழுக்கப் பரவியது. சாப்பாட்டு நேரமெல்லாம் வெட் ப்ளூவா கிரஸ்டா என்றே பேச்சு. ஆனால் யார் எதைச் சொன்னாலும் கடைசியில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் பேசும்போதும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் வீட்டில் அண்ணன் வாங்கிவைத்த டிவிடி பிளேயர் ஒன்று இருந்தது. அதில் அந்த நாலாம் நம்பர் சிடியைப் போட்டேன். ரிஜெக்ட் எவ்வளவு மோசம் என்று பார்த்து, மறுநாள் மேசையில் நாலு வார்த்தை கேலியாகச் சொல்லலாம் என்றுதான் போட்டேன். அடுத்த வீட்டில் லுங்கித் தறி ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாட்டில் டிரம்ஸ் எது, தறி எது என்று தெரியவில்லை. ஏழாவது பாட்டு வந்தபோது தறிக்குக் கரண்ட் போய்விட்டதா என்று நினைத்தேன், அவ்வளவு மெதுவாக ஆரம்பித்தது. கரண்ட் போகவில்லை, தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, என் காதில்தான் விழவில்லை. பாடுகிறவனுக்கு வயதாகியிருந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் அவனால் போக முடியவில்லை. போக முடியவில்லை என்பதை மறைக்காமல் அங்கேயே நின்று பாடினான். இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. நான் அழுதேன். அம்மா வந்து இன்னாடி என்றாள், வெங்காயம் என்றேன். கையில் வெங்காயம் இல்லை.

மறுநாள் மேசையில் அவள் கேட்டாள்: “ரிஜெக்ட்டு எப்பிடி?”

“ரிஜெக்ட்டுதான்” என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோலுக்குத் திரும்பிவிட்டாள். உலகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பாட்டை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டினேன். நாலைப் போய் நல்லது என்று சொன்னால், எனக்குச் செலக்ஷன் தெரியாது என்பது பாட்டிலும் நிரூபணமாகிவிடும் அல்லவா?

அப்போதுதான் ஒருநாள், இரண்டு பேரும் ஜன்னலோரம் தோல் விரித்துக்கொண்டிருந்தபோது, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். “எல்லாத்துக்கும் கோடு போடறியே, நான் எத்தினி கோடு?”

அவள் என் முழங்கையைப் பிடித்து, தோலைத் தடவுவதுபோல மணிக்கட்டு வரை தடவினாள். வெளியே மூட்டமாக இருந்தது, மேசைமேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

“டியூப்லைட்டுல பாத்து சொல்லக் கூடாதுமே. பொய் சொல்லும். பகல் வெளிச்சத்துல பாக்கணும். ஒருநாள் பாத்து சொல்றேன்” என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். எனக்கு அது விளையாட்டாக இல்லை. சாம்பாருக்கும் டிரைவருக்கும் ஒரு நொடியில் கோடு போடுகிறவளுக்கு என்னைச் சொல்ல மட்டும் வெளிச்சம் போதவில்லை.

தீபாவளிக்கு அண்ணன் எனக்குப் புது போன் வாங்கிக்கொடுத்தான். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஆப் ஒன்று இருக்கிறது என்று அவன்தான் காட்டினான். டிவி பக்கத்தில் போனைப் பிடித்து ஏழாவது பாட்டைப் போட்டேன். வட்டம் சுற்றியது, பெயர் வந்தது. பாட்டின் பெயர், பாண்டின் பெயர், நாலு பேருடைய படம். நிஜப் பெயர் சில்வர் பேனாவைவிடச் சப்பையாக இருந்தது. அதைப் பற்றி என்ன, நான் முந்திவிட்டேன். ஊருக்கே முதலில் நான்.

அந்தப் பெயரை நெட்டில் தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. நாலு சிடிக்கும் வருஷம் போட்டிருந்தது. ஒன்றாவது பழசு, நாலாவது கடைசி. அந்த மனிதர் தரம் பிரிக்கவே இல்லை. எது முதல், எது அப்புறம் என்று வரிசைக்குக் கோடு போட்டிருக்கிறார், அவ்வளவுதான். உலகமெல்லாம் இருந்த ரசிகர்கள் எந்தக் காலம் உசத்தி என்று இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலாவதுதான் சிகரம் என்று ஒரு கூட்டமே சொன்னது. அதைப் படித்தபோது சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. என் பாட்டில் இவர்களுக்கு என்ன வேலை என்றுதான் தோன்றியது. அன்றிலிருந்து அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் கீழே வருகிற கமென்ட் பக்கம் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளவில்லை. சொல்லக் கூடாது என்றே வைத்துக்கொண்டேன். அவள் ‘சில்வர் பேனா’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ரம்ஜானுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவள் அம்மா தன் கையால் பிரியாணி பரிமாறினாள். “கல்யாண பிரியாணிக்கு அப்பறம் எங்கம்மா பிரியாணிதான்” என்று அவள் என் தட்டில் கறித்துண்டாகப் பார்த்துப் போட்டாள். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன். பெயர் வாய்க்குள்ளேயே இருந்தது.

கம்பெனிக்கு அடுத்த வெளிநாட்டுக்காரர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. அவள் மதியச் சாப்பாட்டில் எல்லாரிடமும் சொன்னாள்: “வரட்டும். நான் நேராப் போயி பாடிக் காட்டப்போறேன். இது எந்த பாண்டுன்னு கேட்டே ஆவணும். எவ்ளோ நாளைக்குப் பேர் தெரியாம கேக்கறது? பேஜாரா இருக்குது.”

செய்வாள். ஒரு பயமும் இல்லாமல் அவர் முன்னால் நின்று பாடுவாள். அவரும் பெயரைச் சொல்வார். இதிலும் அவளே முதல் ஆகிவிடுவாள். வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டுப் பெயரைச் சொன்னேன்.

“இன்னா?” என்றாள்.

இன்னொரு தடவை சொன்னேன். போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். “அந்தக் கோடு செலக்ஷன் இல்ல. வருஷ வரிசை. நீ நம்பரப் பாத்துதான் தரம் போட்ட. கேட்டுப் போடல” என்றும் சொன்னேன். மேசையில் ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் படத்தைப் பார்த்தாள். நாலு பேர் முகத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை, வெட்கமும் இல்லை, நான் எதிர்பார்த்தது எதுவுமே இல்லை.

“எப்பத்திலேர்ந்து தெரியும்?” என்று கேட்டாள்.

“தீபாவளிலேர்ந்து.”

அவள் மனதுக்குள் மாதம் எண்ணியது தெரிந்தது.

“ரம்ஜானுக்கு எங்க வூட்டுக்கு வந்து சாப்ட்டியே. அப்பக்கூட தெரியுமா?”

அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பேசாமல் இருந்துவிடவில்லை. மறுநாளும் வந்தாள், “சாப்ட்டியா” என்றாள், பேனா கேட்டால் கொடுத்தாள். ஆனால் என் எதிரில் தரம் போடுவதை விட்டுவிட்டாள். சாம்பார் எப்படி என்றால், “நல்லா இருக்குது.” புதுச் சுடிதார் எப்படி என்றால், “நல்லா இருக்குது.” நான் கோடு போடத் தெரியாமல் பேனாவோடு நின்றால் எட்டிப் பார்க்கமாட்டாள். நான் அந்தப் பக்கம் போனபிறகு, “ரிஜெக்ட்டு” என்று அவள் எதற்கோ சொல்வதும் மற்றவர்கள் சிரிப்பதும் கேட்கும். அந்தச் சிரிப்பில் சேர முடியாமல் நான் தண்ணீர்க் குழாயண்டை நிற்பேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வருஷமே அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி வேலையை விட்டாள். பத்திரிகையை எல்லாருக்கும் கொடுத்ததுபோல எனக்கும் கொடுத்தாள். போனேன். கல்யாண பிரியாணி ஃபர்ஸ்ட்டுதான், அவள் சொன்னதில் தப்பில்லை. மாப்பிள்ளை எத்தனை கோடு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று திரும்பி வந்துவிட்டேன். பிறகு அவள் நம்பர் மாறிவிட்டது. ஓசூர் என்றார்கள், பெங்களூர் என்றார்கள். நான் தேடவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வருஷத்துக்கு ஒருதரம் தோன்றும், ரம்ஜான் சமயத்தில்.

எனக்கும் கல்யாணம் ஆயிற்று. இப்போது சத்துவாச்சாரியில் இருக்கிறோம். நானும் வேலையை விட்டு நாளாகிவிட்டது. அந்தச் சிடி கீறி வீணாகிவிட்டது, பாட்டைப் போனிலேயே கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சமையல் செய்துகொண்டே ஏழாவது பாட்டைப் போட்டேன். கையில் மாவு. நிறுத்துவதற்காகப் புறங்கையால் தொட்டபோது திரை நழுவிக் கமென்ட் பக்கம் போய்விட்டது. இத்தனை வருஷமாகப் போகாத பக்கம். மூடப் போனவள், வெட் ப்ளூ என்ற வார்த்தையைப் பார்த்து நின்றுவிட்டேன்.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

‘எங்க டேபிள்ல இந்த பாண்டுக்குப் பேரு சில்வர் பேனா. ஃபர்ஸ்ட்டு வெட் ப்ளூ, செகண்டு கிரஸ்ட்டு, தேர்டு ஃபினிஷ். அந்த மூணும் கேட்டுதான் போட்டேன், இப்பவும் மாத்தமாட்டேன். இந்த நாலாவதத்தான் கேக்காமலே ரிஜெக்ட்டு போட்டேன். அது என் தப்பு. நான் தள்ளிவுட்டத மொதல்ல கேட்டவ என் தோஸ்த்து. அவ ரிஜெக்ட்டுன்னு சொல்லச்சொல்லவே அவ மூஞ்சி ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லிட்ச்சி. அப்பவே அவளக் கேட்டு வாங்கிக் கேட்டிருக்கணும். கேக்காம வுட்டுட்டேன். இது அவ பாட்டு. இங்க வருவ, எனக்குத் தெரியும். வந்தா ஒரு வார்த்த போடுமே.’

நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே யார் யாரோ வெளிநாட்டுக்காரர்கள், வெட் ப்ளூ என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். அவள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாருக்கும் விளக்கியிருந்தாள். அவர்களும் இப்போது வெட் ப்ளூ, கிரஸ்ட் என்றே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உலகமே அவள் மேசையாகிவிட்டது. இந்தப் பாட்டை நான் நாலு வருஷத்தில் எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன். ஒரே ஒரு தடவை விரலைக் கீழே இழுத்திருந்தால் போதும். என் பாட்டை இன்னொருவர் ரசிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் இழுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கவேண்டியவள் நான். அதிலும் அவளே முந்திக்கொண்டாள். வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே அழுதேன்.

மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். ‘எனக்கு அப்பவே’ என்று ஆரம்பித்திருந்தேன். இன்னும் நான்தான் முதல் என்று சொல்லத்தான் கை போகிறது. அழித்தேன். ரம்ஜான் பிரியாணியைப் பற்றி எழுதினேன், அது இருக்கட்டும் என்று விட்டேன். அதற்குக் கீழே எழுதினேன்:

‘இருக்கேன்மே. சத்துவாச்சாரில. ஒருநாள் பகல்ல வா. வெளிச்சத்துல பாத்து, எத்தினி கோடுன்னு சொல்லிட்டுப் போ.’